உப்பும் எஃகும்

சால்ட் லேக் சிட்டியில் ரயில் ஏறினால் வடக்கே ஆக்டன் நகரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வலப்பக்க ஜன்னலில் வாசாச் மலைகள் கூடவே ஓடி வருகின்றன. இடப்பக்கம், வீடுகளையும் வயல்களையும் தாண்டி, பெரும் உப்பு ஏரி. கடலைவிடப் பல மடங்கு கரிக்கும் தண்ணீர் அது. 2022 நவம்பரில் அதன் நீர்மட்டம் அதுவரை பதிவாகாத அளவுக்கு இறங்கியது. கரை பின்வாங்கிய இடமெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. மேற்கிலிருந்து காற்று வீசினால் ஏரியின் சேற்று வாடை ஊருக்குள் வந்துவிடும்.

இரும்புக்கும் உப்புக்கும் ஆகாது. கடலோரத்தில் குடியிருந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் சொல்லிக்கொடுத்திருக்கும். நூறு ஆண்டைத் தாண்டிய ஒரு பம்ப் துப்பாக்கியை எப்படிக் கெடாமல் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கக் கிளம்பிய பயணிக்கு, அதை உருவாக்கியவர் இந்த உப்புக் கரையில் பிறந்தவர் என்பதே முதல் வியப்பு. போகப் போக, வழி நெடுக உப்பு எதிர்ப்பட்டுக்கொண்டே இருந்தது.

ஆக்டன் ரயிலால் வளர்ந்த ஊர். 1869 மே 10 அன்று இங்கிருந்து வடமேற்கே புராமன்டரி மேட்டில் கிழக்கிலிருந்து வந்த தண்டவாளமும் மேற்கிலிருந்து வந்த தண்டவாளமும் இணைந்தன. அந்தத் துப்பாக்கியை உருவாக்கிய ஜான் மோசஸ் பிரௌனிங்குக்கு அப்போது வயது 14. அப்பா ஜோனதன் துப்பாக்கிக் கொல்லர். பட்டறையில் குவிந்து கிடந்த உடைசல்கள்தாம் பையனுக்கு விளையாட்டுச் சாமான். 1879இல் தன் முதல் காப்புரிமையை வாங்கினார். 1883இல் வின்செஸ்டர் நிறுவனத்தின் அதிகாரி கனெக்டிகட்டிலிருந்து ரயிலேறி இந்த ஊருக்கே வந்து, 8,000 டாலர் கொடுத்து அந்த வடிவமைப்பை வாங்கிக்கொண்டு போனார். 1926இல் பெல்ஜியத்தில் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலையில் இருந்தபோதே பிரௌனிங் இறந்தார்; அதுவரை 128 காப்புரிமைகள்.

25ஆம் தெரு போய் முட்டும் இடத்தில் நிற்கிறது 1924இல் கட்டிய யூனியன் ஸ்டேஷன். அந்தக் கட்டடத்துக்குள்தான் அவர் பெயரில் அருங்காட்சியகம் அமைந்தது. பிரௌனிங் வெறும் வடிவமைப்பாளர் அல்ல, குறிபார்த்துச் சுடுவதில் தேர்ந்தவர். அவரும் தம்பி மேட்டும் பெக்கர், பிகலோ என்ற இரு நண்பர்களும் சேர்ந்த குழுவுக்கு, நால்வரின் குடும்பப்பெயரும் ஒரே ஆங்கில எழுத்தில் தொடங்குவதால், 'நான்கு பி' என்று பெயர். தோளில் வைத்துச் சுட்டுப் பழகிய ஒருவர் செய்த கருவி என்பது அவருடைய துப்பாக்கிகளைக் கையில் எடுத்தால் புரியும் என்பார்கள்.

பம்ப் துப்பாக்கியில் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதில் வரிசையாகப் படுத்திருக்கும். முன்கட்டையைப் பின்னால் இழுத்தால் சுட்ட கூடு வெளியே விழும், முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். விற்பனையில் நிலைத்த முதல் பம்ப் துப்பாக்கி கிறிஸ்டோபர் ஸ்பென்சர் 1882இல் கொண்டுவந்தது. பிரௌனிங்கின் வடிவமைப்பை வின்செஸ்டர் 1893இல் வெளியிட்டது. கருமருந்துக் காலத்துக்கு அது சரியாக இருந்தது. புதிதாக வந்த புகையில்லா மருந்தின் அழுத்தத்தை அதன் உடல் தாங்கவில்லை. வலுவைக் கூட்டி, நடுப்பெட்டியின் மேல்பக்கத்தை மூடி, கூடு பக்கவாட்டில் மட்டும் விழும்படி செய்து வெளிவந்ததுதான் மாடல் 1897. 1957 வரை 60 ஆண்டு ஓடிய தயாரிப்பு. மொத்தம் 10 லட்சத்துக்கும் மேல். அதனால்தான் இது காட்சிப்பேழையோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் சிற்றூர்களில் இன்னும் அலமாரி மூலைகளிலும் பண்ணை வீடுகளிலும் இருக்கிறது.

அப்படியொரு வீடு ஆக்டனுக்கு வடக்கே பிரிகாம் சிட்டியில். தோட்டத்தில் பீச் மரங்கள். வீட்டுப் பெரியவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கி அவருடைய தாத்தாவுடையது. பழைய செய்தித்தாளைச் சமையலறை மேசையில் விரித்து, அதன்மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு வைத்திருந்தார். தோட்டா ஒன்றுகூட அந்த அறையில் இருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். மாடிப் பெட்டியில் பூட்டிவிட்டு வந்த பிறகே துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்தார்.

எடுத்ததும் காலியா என்று பார்த்தார். கண்ணால் பார்த்தது போதாதென்று சுண்டுவிரலைத் தோட்டா அமரும் அறைக்குள் விட்டுத் தடவினார். அடிக்குழாயின் வாயிலும் விரல். பிறகு பேத்தியிடம் நீட்டினார். அவளும் அதையே செய்தாள். இந்தத் துப்பாக்கியில் தனியாகப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. பின்புறம் வெளியே துருத்தி நிற்கும் சுத்தியல்தான் எல்லாம். நம் ஊரில் பழைய ஆட்கள் 'குதிரை' என்பது இதைத்தான். அதைப் பாதி மட்டும் இழுத்து நிறுத்தும் ஒரு வெட்டு உள்ளே இருக்கிறது. அந்த வெட்டு தேய்ந்துவிட்டால் காவல் போயிற்று. விசையை அழுத்திப் பிடித்தபடியே பம்ப் செய்தால், முன்கட்டை முன்னே போய் மூடும் ஒவ்வொரு முறையும் சுத்தியல் தானாக விழும். பின்னால் வந்த துப்பாக்கிகளில் இதைத் தடுக்கும் உறுப்பு உண்டு, இதில் இல்லை. பழைய பொருளைத் துடைக்கும் வேலை துணியில் தொடங்குவதில்லை, அதன் குணத்தைத் தெரிந்துகொள்வதில் தொடங்குகிறது என்று பயணிக்குப் பட்டது இங்கேதான்.

இன்னொரு குணம். சுத்தியல் விழுந்தபின் முன்கட்டையை அப்படியே பின்னால் இழுத்தால் வராது. ஒரு நூல் அளவு முன்னால் தள்ளிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். அப்போதுதான் பூட்டு விடும். சுடும்போது பின்னுதைப்பே இதைச் செய்துவிடும் என்பதால் தெரியாது. வெறுமனே இயக்கிப் பார்க்கும் புது ஆள், சிக்கிக்கொண்டது என்று நினைத்துப் பலத்தைக் காட்டுவார். இந்தத் துப்பாக்கிகளில் பல அப்படித்தான் உடைந்தன என்றார் பெரியவர். திறக்கும்போது பெட்டிக்குப் பின்னால் பாய்ந்து வரும் உறுப்பு, கட்டைவிரல் இடுக்கைக் கடித்துவிடும். பேத்தியின் கையில் அதன் தழும்பு இருந்தது.

1898 அக்டோபரிலிருந்து இரண்டாகப் பிரிக்கக்கூடிய வகையும் வந்தது. பெரியவரிடம் இருப்பது அது. அடிக்குழாயைக் கால் சுற்றுத் திருப்பி முன்னே இழுத்தார். பிறகு குழலையே கால் சுற்றுத் திருப்ப, துப்பாக்கி இரு துண்டாகப் பிரிந்து வந்தது. பிரிந்த வாயின் மரைகளில் கறுத்த பழைய எண்ணெய். பல் துலக்கும் பிரஷ்ஷால் அதைத் தேய்த்து எடுத்தார். அங்கே ஒரு மணல் துகள் இருந்தாலும் ஒவ்வொரு முறை பூட்டும்போதும் மரையைத் தின்னும். தின்னத் தின்ன குழல் ஆட்டம் காணும். இரண்டு துண்டிலும் ஒரே எண் பொறித்திருந்தது. எண் வேறாக இருந்தால் எப்போதோ வேறு துப்பாக்கியின் குழலை மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

குழலை ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்க்கச் சொன்னார். உட்சுவர் கண்ணாடிபோல் மின்னியது; அறையை ஒட்டிய நாலைந்து அங்குலம் மட்டும் அம்மைத் தழும்புபோல் சிறு சிறு குழிகள். காரணம், மறுபடியும் உப்பு. அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பொட்டில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்கு உடன்பிறப்பு. குழலில் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு எஃகை அரிக்கும். மேலே எண்ணெய் தடவினால் போதும் என்று பலர் நினைத்தார்கள். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். தாத்தா வேட்டையிலிருந்து வந்ததும் கைகால் கழுவுவதற்கு முன்னால் கெட்டிலில் கொதித்த தண்ணீரைப் புனல் வைத்துக் குழலுக்குள் ஊற்றுவாராம். சுடுநீர் உப்பைக் கரைக்கும். குழல் சூடாவதால் தானே காய்ந்தும்விடும். அந்த நாலைந்து அங்குலம் எந்த இரவு எந்தச் சோம்பலில் விட்டுப்போனதோ.

1920களின் பிற்பாதியில் துரு ஏற்றாத பொட்டுகள் சந்தைக்கு வந்தன. இன்றைய தோட்டாவுக்குக் கொதிநீர் தேவையில்லை. பெரியவர் ஒரு சிறு புட்டியைத் திறந்தார்; அறையெங்கும் பழுத்த வாழைப்பழ வாசனை. ஹாப்பிஸ் நம்பர் 9. ஃபிராங்க் ஹாப்பி என்பவர் 1903இல் கண்டுபிடித்த கரைசல். அமெரிக்காவில் வேட்டைக்காரர் வீட்டில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் அப்பாவின் வாசனை என்று இதைத்தான் சொல்வார்கள்.

கம்பியில் துணியைச் சுற்றி, கரைசலில் நனைத்து, அறைப்பக்கத்திலிருந்து விட்டு வாய்ப்பக்கம் தள்ளினார். முதல் துணி கரியாக வந்தது. பத்து நிமிடம் ஊறவிட்டார். பிறகு வெண்கல பிரஷ். எஃகு பிரஷ் ஆகாது, தன் இனத்தையே கீறும். மறுபடி துணி. சாம்பல் நிறம். இன்னொன்று. ஏழாவது துணி வெள்ளையாக வந்தது. கடைசியாக இரண்டே சொட்டு எண்ணெய் விட்ட துணி ஒரு முறை.

இரண்டு சொட்டு என்பதைப் பயணி குறித்துக்கொண்டார். பழைய துப்பாக்கிகளைத் துரு எவ்வளவு கெடுத்ததோ அதில் பாதியாவது அன்பான கைகள் ஊற்றிய எண்ணெயும் கெடுத்திருக்கும் என்றார் பெரியவர். மிஞ்சிய எண்ணெய் பெட்டிக்குள் தூசியோடு சேர்ந்து பிசினாகும். துப்பாக்கியை நிமிர்த்தி வைத்தால் மெல்ல இறங்கிப் பின்கட்டையின் வால்நட் மரத்தில் ஊறும். மரம் கறுத்து, மெத்தென்று ஆகி, ஒரு நாள் உதைப்பில் பிளக்கும். அதனால் அவர் வீட்டு அலமாரியில் துப்பாக்கி தலைகீழாக, வாய் கீழே பார்க்க நிற்கிறது. மரத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஆளிவிதை எண்ணெய், விரல்நுனியால் தொட்டு, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து. அவ்வளவுதான்.

திருகாணிகள் பக்கம் அவர் போகவே இல்லை. வின்செஸ்டர் திருகாணிகளின் வெட்டு மெல்லியது. கடையில் கிடைக்கும் திருப்புளியின் நுனி ஆப்புபோல் சரிந்திருக்கும். வெட்டின் உதட்டை மட்டும் பிடித்து நசுக்கும். அடி முதல் நுனி வரை ஒரே தடிமனாகச் சாணை பிடித்த திருப்புளி வேண்டும், அது வெட்டை முழுக்க நிரப்ப வேண்டும். வெட்டு நசுங்காத திருகாணி இருந்தால் தெரிந்த ஆள் கையில் இருந்த துப்பாக்கி என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடலாம்.

வெளியே ஓரிடத்தில் செந்துரு பூத்திருந்தது. காய்ந்து பழுப்பேறிய பழைய துரு மெல்லிய தோல்போல் நின்றுவிடும். செந்துரு உயிரோடு இருக்கும், தின்றுகொண்டே போகும். பெரியவர் அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சென்ட் காசை எடுத்தார். 1982க்கு முந்தைய காசு. அதில் 95 சதவீதம் செம்பு. செம்பு எஃகைவிட மிருது. துருவைச் சுரண்டும், எஃகைக் கீறாது. விளிம்பால் மெதுவாகத் தேய்க்கத் தேய்க்க எண்ணெய் சிவந்து வந்தது. துடைத்தார். அடியில் நீலமும் பழுப்பும் கலந்த பழைய நிறம்.

அந்த நீலமே ஒரு வகைத் துருதான். பழைய கொல்லர்கள் எஃகில் வேண்டுமென்றே செந்துரு ஏற்றி, கொதிநீரில் போட்டு அதைக் கறுப்பாக மாற்றி, தேய்த்து, மறுபடி ஏற்றி, இப்படிப் பல சுற்று செய்வார்கள். செந்துரு எஃகை அழிக்கும், கருந்துரு காக்கும். அதை மறுபடி பூசிப் புதிதாக்கித் தருகிறோம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். பெரியவர் இளவயதில் ஒருமுறை கேட்டார். அதுவும் யார் பேச்சையும் அல்ல, தன் ஆசையை. உப்புத்தாளை எடுத்துக் குழலின் இடப்பக்கத்தை ஒரு மதியம் முழுக்கத் தேய்த்தார். பளபளப்பு வந்தது. தொழிற்சாலை பொறித்த எழுத்துகளில் பாதி போயிற்று. அந்த இடத்தைக் காட்டும்போது அவர் விரல் நடுங்கியது. தாத்தா அப்போது உயிரோடு இருந்தார், ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம்.

மாலையில் மூவரும் 'பேர்' என்னும் ஆற்றின் முகத்துவாரத்துக்குப் போனார்கள். ஊருக்கு மேற்கே ஆறு உப்பு ஏரியில் கலக்கும் இடத்தில் நன்னீர்ச் சதுப்பு. 1843இல் அந்த வழியாக வந்த ஜான் ஃப்ரெமான்ட், பறவைகள் எழும் ஓசையை இடியோடு ஒப்பிட்டு எழுதினார். பின்னர் சந்தைக்காகச் சுடுபவர்கள் வந்தார்கள். அடுத்தடுத்துச் சுடக்கூடிய துப்பாக்கிகள் வந்தன. ஆற்றுநீரும் பாசனத்துக்குத் திருப்பப்பட்டது. 1928இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைப் பறவைச் சரணாலயமாக்கியது. 1983இல் ஏரி பொங்கி உப்புநீர் கரைகளை உடைத்து உள்ளே வந்தது. நாணலும் கட்டடங்களும் போயின. வெள்ளம் வடிய ஆண்டுகள் பிடித்தன. ஊர்மக்கள் சேர்ந்து மீட்டெடுத்தார்கள். இன்று அணைக்கரைமேல் 12 மைல் வண்டியில் சுற்றிவரலாம். அன்று மாலை ஊசிவால் வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. வேறு கூட்டம்தான் என்றாலும் இதே இனம் குளிர்காலத்தில் கோடியக்கரைக்கும் வரும்.

இந்தத் துப்பாக்கி பறவைகளுக்குச் செய்தது சிறிய கேடல்ல. அதைச் சொல்லாமல் அதன் பராமரிப்பை மட்டும் பேசுவது சரியாகாது. அந்தக் கேட்டுக்குச் சட்டம் சொன்ன பதிலில் ஒரு பகுதி இதே துப்பாக்கிக்குள் இருக்கிறது. 1935 முதல், வலசைப் பறவைகளைச் சுட மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளாத துப்பாக்கி வேண்டும். அதற்காக அடிக்குழாய்க்குள் ஒரு மரக்குச்சியைச் செருகிவைப்பார்கள். தாத்தா சீவிய குச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. பெரியவர் துடைத்து அப்படியே திரும்ப வைத்தார். 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 11 சதவீத வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது.

சதுப்பில் விழும் ஈயக் குண்டுகளை வாத்துகள் இரையோடு விழுங்கிச் செத்துக்கொண்டிருந்தன. 1991இலிருந்து நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்குத் தடை. மாற்றாக வந்தது எஃகுக் குண்டு. அது பறவையைக் காத்தது. பழைய துப்பாக்கிக்கு ஆகவில்லை. ஈயம் மிருது, குழலின் குறுகிய வாயில் நசுங்கிக் கடந்துவிடும். எஃகு நசுங்காது, பழைய குழலைக் கீறும், வாயைப் புடைக்க வைக்கும். பெரியவர் வாங்குவது பிஸ்மத் குண்டு. விலை அதிகம். ஆண்டுக்கு ஒரே ஒரு காலை, அதிகபட்சம் மூன்று தோட்டா என்பதால் கட்டுப்படியாகிறது என்றார். பழைய 16 கேஜ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் சொன்னார்: அவற்றில் பலவற்றின் அறை 2 9/16 அங்குலம்தான், இன்றைய தோட்டாவோ 2¾. உள்ளே போய்விடும், ஆனால் சுடும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். தெரிந்த கொல்லர் ஒருவர் அளந்து பார்க்காமல் தாத்தா காலத்துத் துப்பாக்கியில் தோட்டா போடக் கூடாது.

விடைபெறும்போது பெரியவர் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். துப்பாக்கியின் எண், அறுபதாயிரத்துச் சொச்சம். 1968இன் துப்பாக்கிச் சட்டப்படி 1898 வரை செய்தவை தொன்மைப் பொருள். 1899 என்றால் சாதாரணத் துப்பாக்கி. இந்த எண் சரியாக அந்த விளிம்பில் நிற்கிறது. விற்கும் எண்ணம் அவருக்கு இல்லை. தாத்தாவின் துப்பாக்கிக்குப் பிறந்த தேதி தெரிய வேண்டும், அவ்வளவே.

பதில் இருக்கும் இடம் வயோமிங்கின் கோடி நகரம். ஜாக்சன் வழியாக யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் நுழைந்து, 8,500 அடி உயர சில்வன் கணவாயைக் கடந்து, கிழக்கு வாயிலில் இறங்க வேண்டும். பனி விழுந்தால் கணவாயை மூடிவிடுவார்கள். ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகிக் கிடந்தன. 1910இல் கட்டி முடித்தபோது உலகிலேயே உயரமாக இருந்த 325 அடி அணையைத் தாண்டினால் ஊர்.

அங்குள்ள பஃபலோ பில் மையத்தின் ஐந்து அருங்காட்சியகங்களில் ஒன்று கோடி துப்பாக்கி அருங்காட்சியகம். 1976இல் வின்செஸ்டர் தன் சேகரிப்பைக் கனெக்டிகட்டிலிருந்து இங்கே அனுப்பியது. 2019இல் புதுப்பித்துத் திறந்தார்கள். பெரியவரிடம் இருக்கும் அதே வகை போருக்கும் போயிற்று: முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைக்குப் போன மாடல் 1897க்கு 20 அங்குலக் குழல், கை சுடாமலிருக்க மேலே துளையிட்ட தகடு, முனையில் ஈட்டி மாட்ட இடம். 1918 செப்டம்பரில் ஜெர்மனி இது போர்ச் சட்டத்துக்குப் புறம்பான ஆயுதம் என்று முறையாக ஆட்சேபம் தெரிவித்தது, அமெரிக்கா ஏற்கவில்லை. வாத்துச் சதுப்பிலும் பதுங்குகுழியிலும் இருந்தது ஒரே இயந்திரம்.

இத்தகைய காப்பகங்களில் வெறுங்கையால் யாரும் எஃகைத் தொடுவதில்லை. வியர்வையிலும் உப்பு. இன்று தொட்ட விரல் சில வாரத்தில் ரேகையோடு துருவாக எழும். கையுறை போட்டு, மெல்லிய மெழுகு தடவி, துணியால் மெருகேற்றி வைக்கிறார்கள். எண்ணெய் வழியும், தூசியைப் பிடிக்கும், மெழுகு அப்படியே நிற்கும். அறையின் ஈரப்பதம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். சுரண்டுவதில்லை, புதிதாக்குவதில்லை. செப்புக்காசும் வாழைப்பழ வாசனையுமாகப் பிரிகாம் சிட்டிச் சமையலறையில் நடந்ததற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை என்பதைப் பயணி பார்த்தார்.

வின்செஸ்டரின் பழைய பேரேடுகளும் இங்கேதான் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் தேடி, முத்திரையிட்ட கடிதமாக அனுப்புவார்கள். பயணி படிவத்தை நிரப்பினார். முகவரி என்ற இடத்தில் பெரியவருடையதை எழுதினார். துண்டுச் சீட்டில் எண்ணெய்க் கறை பட்டிருந்ததால் கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்ற சந்தேகம். வெளியே வந்து தொலைபேசியில் கேட்டார். மறுமுனையில் பேத்தி. இருங்கள் என்றாள். அலமாரி திறக்கும் ஓசை. பிறகு சற்று நேரம் ஒன்றுமில்லை. அவள் முதலில் அறைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.